மலைநாட்டு அரவமும் மாற்று மருந்தும்

பாலக்காட்டு வயல்வெளியிலும் இடுக்கியின் ஏலக்காட்டிலும் உழைத்துப் பிழைக்கும் நம் மக்களுக்குப் பாம்பு புதிய பொருளன்று. சித்தூர், கொல்லங்கோடு, முதலமடைப் பகுதிகளின் நெல்வயலிலும் மாந்தோப்பிலும் நாகமும் விரியனும் உண்டு. நெல்லியாம்பதி, மூணாறு, பீர்மேடு ஆகிய இடங்களின் தேயிலைத் தூரிலும், உடும்பன்சோலை வட்டத்து ஏலச்செடியின் அடியில் கிடக்கும் சருகிலும் குழிவிரியன் இனங்கள் உண்டு. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு வரும் பெண்களும், தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்து வருவோரும் அந்தச் சருகுக்குள் கையும் காலும் இட்டே அன்றாடக் கூலி பெறுகின்றனர். ஆகவே பாம்புக்கடி பற்றி மருத்துவ ஆராய்ச்சி கண்டறிந்தவற்றை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் துணையோடு நடைபெற்ற பத்து இலட்சம் மரணங்கள் பற்றிய பேராய்வின் அடிப்படையில், 2020-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளிவந்தது. அதன்படி 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் மாண்டவர் சுமார் 12 இலட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைமாதங்களில் இறந்தனர். பெரும்பாலோர் உயிர் நீத்தது நாட்டுப்புறத்து வீடுகளிலேயாம். மருந்து தோற்று மாண்டவரினும், மருந்து உள்ள இடத்தை அடையாமலே மாண்டவர் மிகுதி என்று இதனால் கொள்ள இடமுண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-ஆம் ஆண்டிற்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைப்பது அதன் குறிக்கோள். அதே குறிக்கோளுடன் இந்திய அரசு 2024 மார்ச்சு மாதத்தில் ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசுகள் விழித்தெழுந்த இவ்வேளையில் நாமும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள.

மருந்து பிறந்த வரலாறு

பிரெஞ்சு மருத்துவராகிய ஆல்பர்ட் கால்மெட் என்பவர் 1891-ஆம் ஆண்டில் சைகோன் நகரில் பாஸ்டர் ஆய்வு நிலையத்தின் கிளையை நிறுவினார். வெள்ளத்தால் சிற்றூர் ஒன்றினுள் புகுந்த நாகங்கள் பலரைக் கடித்த செய்தி அவர் காதுக்கு எட்டியது. அன்று முதல் நாகத்தின் நஞ்சை ஆராயலானார். நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றிய பிராணியின் குருதியில் அந்நஞ்சை முறிக்கும் ஆற்றல் உண்டாகிறது என்பதை 1894-ஆம் ஆண்டில் அவரும், பாரிசில் பிசாலிக்ஸ், பெர்த்ரான் என்னும் இருவரும் தனித்தனியே நிறுவினர். இன்றும் மருந்து அவ்வகையிலேயே ஆக்கப்படுகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் குருதியிலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்துத் தூய்மை செய்து குப்பியில் அடைக்கின்றனர்.

தம் மருந்து எல்லாப் பாம்புக்கும் பொதுவானது என்று கால்மெட் முதலில் கருதினார். பிரேசில் நாட்டு அறிஞர் வித்தால் பிரசில் என்பாரும், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஜார்ஜ் லாம்ப் என்பாரும் அக்கருத்து பொருந்தாது என்று காட்டினர். நாகத்தின் நஞ்சுக்கு ஆக்கிய மருந்து விரியனின் நஞ்சை முறிக்கவில்லை. எந்தப் பாம்பின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றினோமோ அந்தப் பாம்புக்கே அம்மருந்து உரியது. இவ்வொரு செய்தியை மனத்தில் இருத்திக் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

நம் நாட்டு மருத்துவமனைகளில் வழங்கும் மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு ஆக்கப்படுவது. அவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்பன. இதற்கு வேண்டும் நஞ்சின் பெரும்பகுதி நெடுங்காலமாகத் தமிழ்நாட்டிலிருந்தே செல்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ரோமுலஸ் விட்டேக்கர் என்பாரின் முயற்சியால் உருவான சங்கம் அது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அவர்தம் வழக்கம். அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் இந்திய அரசு 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளித்தது.

நால்வகை நஞ்சின் தொழில்

நாகத்தின் நஞ்சு நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் தசையின் வாயிலில் நின்று தடுக்கிறது. இமை சரியும், பேச்சு குழறும், பின் மூச்சு விடும் தசையும் ஓயும். மாற்று மருந்தோடு நியோஸ்டிக்மின் என்னும் ஊசியும் இங்குப் பயன் தருகிறது.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இராது. பற்குறியும் கண்ணுக்குப் புலனாகாமல் போவதுண்டு. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்குச் சிறிது நேரத்தில் கண்ணிமை திறவாமற்போகும். இதன் நஞ்சு நரம்பின் நுனியையே அழிப்பது. அழிந்த நுனி மீண்டும் வளரும் வரையில் மருந்தால் மட்டும் மூச்சு திரும்பாது. செயற்கைச் சுவாசப் பொறியில் நாட்கணக்காக வைத்திருந்தால் நோயாளி முழு நலம் பெற்று எழுந்து வருவார். வயிற்றுவலி என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைப்பதால் வீணாகும் காலமே இக்கடியில் உயிரைக் கொள்வது.

கண்ணாடிவிரியனின் நஞ்சும் சுருட்டைவிரியனின் நஞ்சும் குருதியைத் தாக்குவன. உடலுக்குள்ளேயே குருதி உறைவதற்கான பொருளையெல்லாம் இந்நஞ்சு வீணே செலவழித்துவிடுகிறது. பின்னர்க் காயம்பட்ட இடத்தில் உறைவதற்குக் குருதியில் பொருளிராது. ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் காணும். கண்ணாடிவிரியன் கடியில் சிறுநீரகமும் செயலிழப்பதுண்டு.

கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும்

இக்குருதிக் கேட்டை அறியும் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கடிபட்டவரின் நாளத்திலிருந்து 2 மில்லி லிட்டர் குருதி எடுத்து, உலர்ந்த தூய கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின்னர்ச் சாய்த்துப் பார்க்கின்றனர். உறைந்திருந்தால் நன்று. தண்ணீர் போல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். குழாய் பிளாஸ்டிக்காக இருத்தல் கூடாது. சோப்புத்தூள் இட்டுக் கழுவியதாகவும் இருத்தல் கூடாது. இரண்டும் முடிவைப் பிழையாக்கும். மலைமேலுள்ள சிறு மருத்துவமனையிலும் செய்யத்தக்க இச்சோதனை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

மருத்துவர் உடனே ஊசி போடாமல் உட்கார வைத்திருக்கிறாரே என்று உறவினர் சினங்கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். அதற்குக் காரணம் உண்டு. கடித்த பாம்புகளில் பல நஞ்சற்றவை; நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. நஞ்சேறாத உடலில் இம்மருந்தை ஏற்றினால் நன்மை ஒன்றுமில்லை, தீமை நேரலாம். ஆகையால் அறிகுறியையும் குருதியையும் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு நாள் முழுதும் கண்காணிப்பில் வைத்திருப்பதே முறையான மருத்துவம். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அழைத்துச் செல்வது பெரும் பிழை.

இன்னொன்றும் தெரிந்திருத்தல் நலம். குழந்தைக்கும் பெரியவருக்குரிய அளவு மருந்தே ஏற்றப்படுகிறது. பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சை அளப்பதில்லை. மருந்து முறிக்க வேண்டியது அந்த நஞ்சையே. எனவே சிறு குழந்தைக்கு இத்தனை குப்பியா என்று பெற்றோர் அஞ்சித் தடுத்தல் வேண்டா.

மருந்தை அளந்து பார்த்தால்

மாற்று மருந்தின் ஆற்றலுக்கு நம் நாட்டில் ஓர் அளவுகோல் உண்டு. மருந்தின் 1 மில்லி லிட்டர், நாகத்தின் நஞ்சிலும் கண்ணாடிவிரியன் நஞ்சிலும் 0.6 மில்லிகிராமை முறிக்க வேண்டும். கட்டுவிரியன் நஞ்சிலும் சுருட்டைவிரியன் நஞ்சிலும் 0.45 மில்லிகிராமை முறிக்க வேண்டும். ஒரு குப்பியில் 10 மில்லி லிட்டர் என்றால், பத்துக் குப்பி சேர்ந்து கண்ணாடிவிரியன் நஞ்சில் 60 மில்லிகிராமை முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் செலுத்தும் நஞ்சு சராசரியாக 63 மில்லிகிராம் என்று கணக்கிட்டுள்ளனர். முதல் தவணையாக எட்டு முதல் பத்துக் குப்பி ஏற்றுவதன் காரணம் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

இக்கணக்கும் எல்லா இடத்திற்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. ஒரே இனத்துப் பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. அது தின்னும் இரையும் வாழும் நிலமும் வேறாதலின் நஞ்சின் சேர்க்கையும் வேறாகிறது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரும் அவர்தம் குழுவினரும் 2019-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் ஆய்வுகள் இதனை வலியுறுத்துகின்றன. ஓர் இடத்துப் பாம்பின் நஞ்சைக் கொண்டு ஆக்கிய மருந்து, தொலைவிலுள்ள பாம்பின் நஞ்சைச் சில வேளைகளில் குறைவாகவே முறிக்கிறது என்று அவை காட்டுகின்றன. வட்டாரத்துக்கேற்ற மருந்து வேண்டும் என்னும் கோரிக்கை இதனால் எழுந்தது.

குதிரையின் குருதிப் பொருள் நம் உடலுக்கு அயலானது. ஆகவே சிலருக்கு ஒவ்வாமை கடுமையாக எழும். இலங்கையில் 1,007 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கு நமக்குத் துணை செய்கிறது. மருந்து ஏற்றுமுன் அட்ரினலின் சிறிதளவு தோலடியில் செலுத்தினால் கடும் ஒவ்வாமை கணிசமாகக் குறைகிறது என்றும், வழக்கமாகப் போட்டுவந்த வேறிரு மருந்துகள் அவ்வாறு காக்கவில்லை என்றும் அவ்வாய்வு நிறுவியது. ஒவ்வாமையைச் சமாளிக்கும் வசதியுள்ள இடத்திலேயே இம்மருந்தை ஏற்ற வேண்டும் என்பதும் இதனால் தெளிவாகும்.

மருந்துக்கு அகப்படாத விரியன்

நம் மலைகளுக்குச் சிறப்பாக உரிய செய்தியை இனிக் காண்போம். ஏலத்தோட்டத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் சருகின் நிறமாகவே கிடக்கும் சிறு விரியன் ஒன்றுண்டு. ஒரு முழ நீளத்தைப் பெரும்பாலும் தாண்டாது. மூக்கின் நுனி மேல்நோக்கி எழும்பியிருக்கும். கூன்மூக்குக் குழிவிரியன் என்று இதனை அழைக்கலாம். மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி என்பர். இலங்கைத் தமிழர் கோப்பி விரியன் என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே இது வாழ்கிறது.

இதன் கடி வெறும் வீக்கத்தோடு போகும் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. கேரளத்தில் சிகிச்சை பெற்ற நோயாளிகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை அவ்வெண்ணத்தை மாற்றியது. குருதி உறையாமையும் சிறுநீரகக் கேடும் இக்கடியால் விளைந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பது அதில் ஐயமற நிறுவப்பட்டது. அவர்களைக் கடித்த பாம்பு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தும், சுருட்டைவிரியன் என்றே முதலில் கருதப்பட்டது. அதற்குரிய மாற்று மருந்தும் ஏற்றப்பட்டது, பயன் விளையவில்லை. நால்வகைப் பாம்பின் நஞ்சைக் கொண்டு ஆக்கிய மருந்து ஐந்தாவது பாம்புக்கு எவ்வாறு உதவும்?

மலையிலுள்ள பச்சை நிறக் குழிவிரியன்களுக்கும் இம்மருந்து உரியதன்று. அவற்றின் கடி பெரும்பாலும் வலியும் வீக்கமும் தந்து தணிவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இராசநாகம் தனியினம் என்று 2024-ஆம் ஆண்டில் ஆய்வாளர் வகுத்தனர். அதன் நஞ்சும் நம் மருந்தில் சேர்ந்ததில்லை.

இதனைக் கேட்டு மனந்தளர வேண்டா. மாற்று மருந்து இல்லாத கடிக்கும் மருத்துவம் உண்டு. குருதியை நாள்தோறும் சோதித்தல், சிறுநீரகம் ஓய்ந்தால் டயாலிசிஸ் செய்தல், மூச்சு ஓய்ந்தால் பொறியால் மூச்சூட்டுதல், புண்ணைப் பேணுதல் ஆகியவற்றால் உடல் தானே மீளும் வரை உயிரைக் காக்கலாம். ஆகவே மலையில் கடிபட்டவரை ஊசி இருக்கும் இடத்திற்கு மட்டும் கொண்டு சேர்த்து அமைதி கொள்ளாமல், தேவைப்பட்டால் டயாலிசிஸும் சுவாசப் பொறியும் உள்ள மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்தாமல் அனுப்புதல் வேண்டும்.

புதிய ஆராய்ச்சிகளும் நடைபெறுகின்றன. வாரெஸ்பிளாடிப் என்னும் விழுங்கும் மருந்து இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் வந்த முடிவின்படி மொத்தத்தில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. கடித்தவுடன் விரைந்து உண்டவரிடத்து மட்டும் சிறிது நம்பிக்கை தோன்றியது. அவ்வாண்டிலேயே அமெரிக்க அறிஞரும் பெங்களூர் அறிஞரும் சேர்ந்து, பல பாம்புகளின் நரம்பு நஞ்சு ஒன்றைத் தடுக்கும் எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி எலிகளில் சோதித்துக் காட்டினர். இவை நம் மருத்துவமனை அலமாரிக்கு வரும் காலம் இன்னும் தொலைவில் உள்ளது. அதுவரை நம்மைக் காப்பன காலமும், பாதையும், முன்னறிவுமே.

பச்சிலையும் மந்திரமும்

கேரளத்தில் விஷவைத்தியம் தொன்மையான மரபு. நம் ஊர்ப்புறத்திலும் பார்வை பார்ப்பவர் உண்டு. அவர்களிடம் போய்ப் பிழைத்தவர் பலர் என்பதும் உண்மை. கடித்த பாம்பு நஞ்சற்றதாயினும், நஞ்சைச் செலுத்தாமல் கடித்ததாயினும், பச்சிலை உண்டாலும் உண்ணாவிடினும் ஆள் பிழைப்பார். உண்மையாக நஞ்சேறியவருக்கு அங்குக் கழியும் இரண்டு மணி நேரம் பேரிழப்பு. வைத்தியரை மதித்தலில் குற்றமில்லை. கடிபட்டவரை முதலில் மருத்துவமனைக்கு அனுப்பும் வைத்தியரே மதிக்கத்தக்கவர்.

கடித்த இடத்தைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், இறுக்கிக் கயிறு கட்டுதலும், பனிக்கட்டி வைத்தலும் தீங்கே செய்யும். இறுகக் கட்டிய கயிற்றால் கையோ காலோ அழுகிப் போனதுண்டு. செய்ய வேண்டியவை சிலவே. கடிபட்டவருக்குத் தைரியம் சொல்க. ஓடவோ நடக்கவோ விடாமல், எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல் மட்டை வைத்துத் தளரக் கட்டி அசையாமல் வைத்திடுக. வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றை வீங்குமுன் கழற்றுக. கடித்த நேரத்தைக் குறித்துக் கொள்க. வாந்தி எடுத்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திடுக. பாம்பை அடித்துக் கொணர வேண்டா. அந்த முயற்சியில் இரண்டாம் ஆளும் கடிபடுவார். தொலைவில் நின்று கைப்பேசியில் படமெடுக்க இயன்றால் போதும்.

பாதை முன்பே தெரிந்திருக்கட்டும்

நம் எல்லைப்புறத்து மக்களுக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. கடிபட்டவுடன் சொந்த ஊரை நினைப்பது இயல்பு. போடிமெட்டிலிருந்து கீழிறங்கித் தேனிக்குப் போவதா, மலைமேலேயே உள்ள மருத்துவமனைக்குப் போவதா என்று பேசுவதிலேயே நேரம் போய்விடும். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் கோவையா பாலக்காடா என்னும் ஐயம் எழும். நெல்லியாம்பதியிலிருந்து நெம்மாறைக்கு இறங்கும் வளைவுகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். நஞ்சுக்கு மாநில எல்லை கிடையாது. மருந்தும் மூச்சூட்டும் வசதியும் எங்கு மிக விரைவில் கிட்டுமோ அவ்விடமே அவ்வேளையில் நம் ஊர். 108 என்னும் எண்ணில் இரு மாநிலத்திலும் ஆம்புலன்ஸ் வரும்.

ஆதலின் நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் மழைக்காலத்திற்கு முன்பே ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் மாற்று மருந்து எந்நேரமும் இருப்பு உள்ளது, எங்கு இரவிலும் மருத்துவர் உளர், எங்குச் சுவாசப் பொறியும் டயாலிசிஸும் உண்டு என்று நேரில் கேட்டறிக. இரவில் வரத்தக்க வண்டியோட்டி ஒருவரின் எண்ணையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, லயத்துச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பள்ளியிலும் ஒட்டிடுக. தமிழிலும் மலையாளத்திலும் எழுதுக. உதவிக்கு ஓடிவரும் அண்டை வீட்டார் இரு மொழியினரும் அல்லரோ?

தோட்டத்தில் முழங்கால் வரை வரும் ரப்பர்க் காலணியும் கையுறையும் வேண்டுமென்று கேட்டல் நம் உரிமை. தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளித்தலை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே முதலாளியின் கடமையாக்கியது. சருகைக் கையால் துழாவுமுன் கோலால் தட்டிப் பார்த்தலும், இரவில் விளக்கின்றி வெளியே செல்லாமையும், தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை செருகிப் படுத்தலும், விறகையும் குப்பையையும் வீட்டுச் சுவரோடு சேர்த்துக் குவிக்காமையும் நம் கையிலுள்ள காப்புகள்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.